அண்ணை லண்டனுக்கு வந்த வழி

எங்கள் சனத்தின் நினைவு மலர்களில் ஒரு வரி தவறாமல் வரும்: "நாட்டுச் சூழ்நிலை காரணமாகப் புலம்பெயர்ந்து லண்டனில் குடியேறினார்." பிறந்த ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். படித்த பள்ளிக்கூடத்துக்கு அரைப் பக்கம். பிள்ளைகள் எடுத்த பட்டங்களுக்கு இரண்டு பக்கம். ஊருக்கும் லண்டனுக்கும் இடையில் கிடந்ததையெல்லாம் அந்த ஒரு வரிக்குள் மடித்து வைத்துவிடுவோம்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் மலருக்காக நானும் முதலில் அந்த வரியைத்தான் எழுதினேன். பிறகு வெட்டினேன். வெட்டிய செய்தி எப்படியோ வடக்கு லண்டனில் எட்மண்டன் வரைக்கும் போய், சின்ன மாமா போன் எடுத்தார்.

"பிள்ளை, அவன் வந்த ரூட்டையெல்லாம் எழுதப் போறியாம். உனக்கென்ன விசரே? மண்டபத்தில இருக்கப்போற அரைவாசிப் பேரும் ஒவ்வொரு கதை சொல்லித்தான் இந்த நாட்டில இருக்கினம்."

"ஓம் மாமா, தெரியும். மற்ற ஆக்களின்ர கதையை நான் எழுதேல்லை."

"உனக்குப் பயமில்லையோ?"

பயம்தான் மாமா. ஆனால் அண்ணை அவ்வளவு பயத்தோடும் வாய் திறந்து சொன்னதை நான் திரும்பவும் மூடி வைக்க மாட்டேன். அண்ணி சம்மதித்துவிட்டார். மாமாவும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போகக்கூடாது என்று இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணை வடமராட்சியில், பருத்தித்துறைக்கு அருகே, எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. எங்களைப் பெற்ற ஐயா இளவயதிலேயே இறந்துவிட்டதால் அண்ணை படிப்பை இடையில் விட்டு, பஸ் டிப்போவில் கொண்டக்டராகச் சேர்ந்தார். அந்த வேலையை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது கூடப் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் சோறு போடும்போதும் "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்று எங்களை வரிசையில் தள்ளுவார். பஸ் நடுவழியில் பழுதானால், ஏறியிருந்த கடைசி ஆளும் வேறு வாகனம் பிடிக்கும்வரை தானும் ரோட்டிலேயே நிற்பார். அம்மா அதற்காகப் பலமுறை ஏசியிருக்கிறா.

பிறகு இராணுவத்தின் சுற்றிவளைப்புகள் தொடங்கின. ஒருமுறை ஊர் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, சாக்கு முகமூடி போட்ட ஒரு தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வைத்தார்கள். முகமூடிக்குள் இருப்பவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் லொறியில் ஏற வேண்டும். அண்ணைக்கு அவன் தலையாட்டவில்லை. ஆனால் முன்னால் நடந்தவருக்கு ஆட்டினான். அன்றைக்குப் பின் அம்மா பொறுக்கவில்லை. அண்ணையை வெளிநாட்டுக்கு ஆள் ஏற்றும் ஒரு ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்து, "எங்கையெண்டாலும் உயிரோட இருந்தால் போதும்" என்று அனுப்பிவிட்டா. காசு சேர்ந்து அவர் வெளிக்கிடத் தொண்ணூறுகள் தொடங்கிவிட்டன.

மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் கிடந்தார். அங்கிருந்து பெல்கிரேட். அப்போது அந்த நாட்டுக்கு யூகோஸ்லாவியா என்று பெயர், ஆனால் அது உடைந்துகொண்டிருந்தது. குரோஷியப் பக்கம் சண்டை நடப்பதால் அந்தப் பாதை சரிவராது என்றும், பொஸ்னியாவுக்குள்ளால் கடற்கரைக்குப் போனால் படகில் இத்தாலிக்கு ஏற்றலாம் என்றும் அங்கிருந்த ஏஜென்சிக்காரன் சொன்னானாம். "அங்கை ஒரு பிரச்சினையும் இல்லை தம்பி, எல்லாரும் சினேகிதம்" என்றானாம். அவன் சொன்ன அந்தக் கிழமைதான் பொஸ்னியாவில் சண்டை வெடித்தது. அண்ணையைத் தனியாக ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவன் போய்விட்டான்.

அண்ணை பழக்கதோஷத்தில் சாரதிக்குப் பின்னால் முதல் சீற்றில் போய் இருந்தார். மொழி தெரியாது. சாரதி கண்ணாடிக்குள்ளால் பார்த்து என்னவோ கேட்க, அண்ணை கையால் டிக்கெட் கிழிப்பதுபோலச் செய்து காட்டினாராம். சாரதிக்கு விளங்கிவிட்டது. ஒரே சிரிப்பு. தன் சாப்பாட்டுப் பொதியிலிருந்து பாண் பிய்த்துக் கொடுத்தார். ஏறுபவர்களிடம் அண்ணையைக் காட்டிக் காட்டிப் பகிடி விட்டார். ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு தான் சிரித்தது அந்த ஒரு பயணத்தில்தான் என்று அண்ணை சொல்லியிருக்கிறார்.

பொஸ்னியாவின் எல்லையில் ட்ரினா ஆற்றுப் பாலத்தடியில் பஸ் நின்றது. நிறுத்தியவர்கள் இராணுவம் இல்லை. ஒருவன் இராணுவ ஜக்கெற்றும் விளையாட்டுச் சப்பாத்தும் போட்டிருந்தான். இன்னொருவன் கழுத்தில் உதைபந்தாட்டக் கழகமொன்றின் சால்வை. நெஞ்சுவரை தாடி வளர்த்த ஒருவன் இடுப்பில் நீளக் கத்தி செருகியிருந்தான். எதிர்க்கரையில் உண்மையான இராணுவ வண்டிகள் நின்றன. அதில் இருந்தவர்கள் சிகரெட் புகைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையை நடுங்க வைத்தது வேறொன்று. அந்தக் கூட்டத்துக்குள்ளும் முகமூடி போட்ட ஒருவன் நின்றான்.

"இவ்வளவு தூரம் வந்தும் அவன் எனக்கு முதலே வந்து நிக்கிறானடி" என்று அண்ணை என்னிடம் சொன்னபோது அவருடைய உதடு வெளிறியிருந்தது.

ஆண்களை இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். சாரதியை இறக்கவில்லை, பஸ் ஓட்ட ஆள் வேண்டும் என்று நினைத்தார்களாக்கும். தாடிக்காரன் ஒவ்வொருவரிடமும் மூன்று விரலைச் சேர்த்து நெற்றிக்கு நேரே காட்டி, நீ செய் என்றானாம். சேர்பியர்களுடைய ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவ சபையில் சிலுவை போடும் முறை அது; பொஸ்னிய முஸ்லிம்களைப் பிரித்தெடுக்கத்தான் அந்தச் சோதனை. சரியாகப் போட்டவன் ஒரு பக்கம், தெரியாமல் விழித்தவன் மறுபக்கம். அண்ணைக்கு அது ஒன்றும் தெரியாது. மூன்று விரல், நெற்றி. எங்கள் சனத்தில் பிறந்த ஒருவனுக்கு அதைக் கண்டால் என்ன தோன்றும்? மூன்று விரலை நெற்றியில் வைத்துத் திருநீறு பூசுவதுபோல இடமிருந்து வலமாக இழுத்து, "சிவசிவா" என்று சொல்லிவிட்டார். தாடிக்காரன் தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக் கத்தியை உருவினான்.

அந்த நேரம் சாரதி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். தாடிக்காரனின் கையைப் பிடித்து என்னவோ சொல்லி, அண்ணையைக் காட்டி, டிக்கெட் கிழிப்பதுபோலச் செய்தார். என்னுடைய கொண்டக்டர், இவனை விடு என்று. இரண்டொருவர் சிரித்தார்கள். கத்தி உறைக்குள் போனது. முகமூடிக்காரன் அப்போதுதான் சாரதியை நன்றாகப் பார்த்து, முஸ்லிம் என்று அடையாளம் கண்டான். தலையை ஆட்டினான்.

அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார்.

அண்ணையை அவர்கள் கொல்லவில்லை. சாமான் தூக்க ஆள் தேவைப்பட்டது. பக்கத்து நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்து, பகலில் வெளியே கொண்டுபோய், ஆளில்லாத வீடுகளிலிருந்து பிரிட்ஜ், அடுப்பு, கதவு நிலை எல்லாம் கழற்றி லொறியில் ஏற்ற வைத்தார்கள். நகரத்தின் ஓரத்தில் ஒரு செங்கற்சூளை இருந்தது. சாரதியையும் வேறு சிலரையும் அதன் பின்பக்கம் நடத்திக்கொண்டு போனதை அண்ணை லொறிக்கு மேலே நின்று பார்த்தார். வெடிச்சத்தம் கேட்டது. அடுத்த நாள் சூளைக்குப் பின்னால் இருந்த பாழ்கிணறு ஒன்றுக்குள் சுண்ணாம்பும் மண்ணும் கொட்டச் சொன்னார்கள். கொட்டியவர்களில் அண்ணையும் ஒருவர். உள்ளே பார்க்கவில்லை என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

யார் அந்த ஆட்கள்? லண்டனில் அண்ணை விம்பிள்டன் நூலகத்தில் இருந்து ஆங்கிலப் பேப்பரும் புத்தகமும் எழுத்துக்கூட்டி வாசித்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான். நாங்கள் அவர் இங்கிலிஷ் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர்கள் தங்களைத் தொண்டர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். சேர்பியர்களுக்குத் தொண்டர் படை புதிதல்ல. துருக்கியரை எதிர்த்த பழைய போர்களிலும், பிறகு வந்த உலக யுத்தங்களிலும் தாடி வளர்த்து மலைகளில் திரிந்த ஆயுதக் கூட்டங்கள் அவர்களிடம் இருந்தன. பாட்டுகளில் அவர்கள் வீரர்கள், அவர்களிடம் அகப்பட்ட கிராமங்கள் வேறு கதை சொல்லும். தொண்ணூறுகளில் நாடு உடைந்தபோது இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர் பலர் ஒளித்துக்கொண்டார்கள். ஆள் காணாமல் போகவே, கட்சிக்காரரும் பொலிஸ் மேலிடமும் புதிய தொண்டர்களைச் சேர்த்தார்கள். உதைபந்தாட்ட மைதானங்களில் சண்டை பிடித்துத் திரிந்தவர்கள் வந்தார்கள். களவுக்கும் கொலைக்கும் மறியற்சாலைக்குள் கிடந்து வெளியே வந்தவர்கள் சேர்ந்தார்கள். பழைய பாட்டை உண்மையென்று நம்பிய வாத்திமாரும் இருந்தார்கள். மிருகங்களின் பெயரையும் பறவைகளின் பெயரையும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். துவக்கும் தோட்டாவும் உடுப்பும் அரசாங்கத்தின் களஞ்சியத்திலிருந்து போனது. ஒரு ஊருக்குள் முதலில் இவர்களை விட்டுச் சனத்தைக் கலைத்துவிட்டு, பின்னால் இராணுவம் போகும். யாராவது கேட்டால், அவர்கள் தாங்களாக வந்த தொண்டர்கள், எங்களுக்குத் தெரியாது என்று கையை விரிக்கலாம்.

இதைச் சொல்லிவிட்டு அண்ணை என்னைப் பார்த்தார். "எங்கட ஊரிலயும் லொறியில ஏத்தினவையைக் கேட்க உப்பிடித்தானே சொன்னவை, எங்களுக்குத் தெரியாதெண்டு" என்றார். நான் எழும்பி யன்னலைச் சாத்தினேன். வெளியே யாரும் இல்லை. ஆனாலும் சாத்தினேன்.

அண்ணைக்கு எல்லாரையும்விடப் பயம் கொடுத்தவர்கள் வார இறுதித் தொண்டர்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வெறும் வாகனத்தோடு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நிறைந்த வாகனத்தோடு போவார்கள். திங்கட்கிழமை அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். அப்படி வந்த ஒருவன்தான் அண்ணையைத் தன் லொறியில் சாமான் இறக்கக் கூட்டிக்கொண்டு போய், பெல்கிரேட்டில் தன் வீட்டுக்கு முன்னால் பிரிட்ஜை இறக்கிய பிறகு, "போ" என்று விட்டுவிட்டான். அவனுடைய மனைவி அண்ணைக்குச் சூப் கொடுத்தாராம். பிள்ளைகள் புதுப் பிரிட்ஜைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்களாம். எவருடைய பிரிட்ஜோ. அங்கிருந்து ஹங்கேரி, ஜேர்மனி என்று ஒளித்து ஒளித்து லண்டன் வந்து சேர்ந்தார்.

இங்கே அகதி விசாரணையில் ஏஜென்சி சொல்லிக்கொடுத்ததைத்தான் அண்ணையும் சொன்னார். கொழும்பிலிருந்து நேரே வந்தேன், இடையில் எங்கும் இறங்கவில்லை. இடையில் ஒரு நாட்டில் நின்றேன் என்று சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள் என்பது அந்தக் காலத்துப் பயம். சொன்ன கதை நிலைத்தது. விசா கிடைத்தது, பிறகு பாஸ்போட், அண்ணி வந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். பொஸ்னியாவில் கால் வைக்காத மனிதன் அங்கே கண்டதைச் சொல்ல முடியுமா? அண்ணை வாயைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் பயம் வேறு வழியால் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளை வான் ஏதாவது வாசலில் நின்றால் அண்ணை பின்கதவைத் திறந்து வைத்துவிடுவார். கோயில் தேருக்கு "தொண்டர்கள் முன்னுக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் சனத்துக்குள் மறைந்துவிடுவார். உடம்பு வளையாத பஞ்சியில் தேர் வடத்தில் கை வைக்காத மனிதர் என்று நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம்.

விம்பிள்டன் பக்கம் ஒரு ஹோட்டலின் லோன்ட்றியில் அண்ணை நீண்டகாலம் வேலை செய்தார். கூட வேலை செய்தவர்களில் ஒரு பொஸ்னியப் பெண் இருந்தார். சமீரா என்று இங்கே எழுதுகிறேன், உண்மைப் பெயர் அதுவல்ல. இருவரும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து மடிப்பார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தன் கணவர் பஸ் சாரதி என்றும், சண்டை தொடங்கிய கிழமை பஸ்ஸோடு போனவர் திரும்பவில்லை என்றும் சமீரா சொன்னார். எந்த நாள், எந்தப் பாலம் என்றும் சொன்னார். அந்த வழியில் அன்றைக்கு ஓடியது ஒரே பஸ்தான். அண்ணை சாப்பாட்டை மூடிவிட்டு எழும்பினார். அடுத்த கிழமையே ஷிப்ட் மாற்றிக்கொண்டார். வருடக்கணக்கில் அந்தப் பெண்ணின் கண்ணில் படாமல் வேலை செய்தார். இதை நான் மறைக்கப் போவதில்லை. அண்ணை நல்லவர், ஆனால் பயந்தவர், அந்தப் பயத்தில் ஒரு பெண்ணைக் காக்க வைத்தார்.

இந்த வருடம் வன்னியில் கடைசி யுத்தம் நடந்த மாசியிலிருந்து வைகாசி வரை நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாராளுமன்றச் சதுக்கத்தில் பதாகையோடு நின்றோம், வீட்டுக்கு வந்து போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அண்ணியின் தம்பி வன்னிக்குள் இருந்தான். "கடற்கரைப் பக்கமாப் போறம் அக்கா" என்றதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. எல்லாம் முடிந்த பிறகு, முகாமுக்கு வந்தவர்களின் சொந்தக்காரர் எவரின் நம்பர் கிடைத்தாலும் அண்ணி எடுத்துக் கேட்பார். கண்டவர் ஒருவரும் இல்லை. ஒருநாள் போனை வைத்துவிட்டுக் குசினி அடுப்படியில் நின்று கத்தினார்.

"இவ்வளவு சனத்துக்குள்ள ஒருத்தர்கூடவோ காணேல்லை? கண்டவை இருப்பினம். பயத்தில வாயை மூடிக்கொண்டு இருக்கினம். செத்தவன் எண்டாலும் சொல்லலாம்தானே! சொன்னால் அவைக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

அண்ணை மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைத்துவிட்டு என் வீட்டுக்கு நடந்தே வந்தார். அன்றைக்குத்தான் மேலே எழுதியதெல்லாம் எனக்குச் சொன்னார். முடிவில், "நான் சொன்னால் பாஸ்போட்டைப் பறிப்பாங்கள். பிள்ளையளை என்ன செய்வாங்கள்? அந்த ஆக்களும் லண்டனில இருக்கலாம், என்னைத் தேடி வரலாம்" என்றார். பிறகு, "ஆனால் அந்த மனுசிக்கு நான்தானே கண்டவன்" என்றார்.

தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் இருந்த சமீராவின் வீட்டுக்கு இருவரும் போனோம். அண்ணை தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் தொடங்கி, இடையில் தமிழுக்கு மாறினார்; நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பாலம், மூன்று விரல், கத்தி, சாரதி இறங்கி ஓடிவந்தது. "என்னாலதான் அவர் கண்ணில பட்டவர்" என்றபோது அண்ணை கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்துவிட்டார். நான் சமீராவின் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமீரா சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். "அவர்தான். அது அவரேதான். தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வாயைக் கொடுக்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது" என்றார். பிறகு, "குளிர் ஜக்கெற் போட்டிருந்தாரா?" என்று கேட்டார். போட்டிருந்தார் என்று அண்ணை சொன்னார். அதற்குப் பிறகுதான் கிணற்றைப் பற்றிக் கேட்டார்.

யுத்தக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரிகளிடமும் அண்ணை போய்ச் சொன்னார். பாஸ்போட்டுக்கு ஒன்றும் நடக்காது என்று தன்னால் உறுதி தர முடியாது என எங்கள் வக்கீல் முதலே சொல்லியிருந்தார். தெரிந்துதான் போனார். அதிகாரிகள் படங்களைக் காட்டியபோது அண்ணை ஒரு தாடிக்காரனின் படத்தில் விரலை வைத்தார். அவர்கள் திரும்பக் கேட்டும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தபால்காரன் வந்தாலும் நாங்கள் எல்லோரும் விறைத்துப்போய் இருப்போம். பாஸ்போட் விஷயத்தில் இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை. வராது என்றும் சொல்ல முடியாது.

இந்தக் கோடையிலேயே, வேலைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது. சொல்லப்போன பயம்தான் அவனைக் கொண்டுபோனது என்று சின்ன மாமா சொல்கிறார். இருக்கலாம் மாமா. ஆனால் அந்தக் கடைசிக் கிழமைகளில் அண்ணை யன்னல் திறந்து வைத்துப் படுத்தார் என்று அண்ணி சொல்கிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் கண்டிராத காட்சியாம்.

அண்ணையின் எட்டாம் நாள் கிரியைக்கு அடுத்த நாள் சமீரா போன் எடுத்தார். அதிகாரிகள் அங்கே போயிருக்கிறார்கள். சூளை இப்போது இல்லை, புல் முளைத்திருக்கிறது. அண்ணை காட்டிய இடத்தில் தோண்ட, கிணற்றின் வாய் தெரிந்திருக்கிறது. முழுவதும் தோண்டி, யார் யார் என்று கண்டுபிடிக்க நாள் எடுக்குமாம். சமீரா அங்கே போய் நிற்கப் போகிறார். அண்ணைக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் எங்கள் துக்கம்.

அண்ணையின் இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், செய்தி கேட்டதும் சமைத்துக்கொண்டு ஓடிவந்த அயலவர்களுக்கும், லோன்ட்றியில் வேலை செய்யும் எல்லா நாட்டு நண்பர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், ஏசிக்கொண்டே எல்லா ஒழுங்கும் செய்த சின்ன மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இத்தனை வருடம் எங்களுக்கு ஓர் அண்ணையைத் தந்துவிட்டுப்போன, எங்களுக்கு முகம் தெரியாத அந்தச் சாரதிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவருக்கும் அண்ணையோடு சேர்த்து இன்று ஒரு படையல் வைத்திருக்கிறோம்.

இந்த மலரை வாங்குபவர்களில் வன்னியிலிருந்து கடைசியாக வந்தவர்களும், அவர்களோடு கதைத்தவர்களும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் யாராவது அண்ணியின் தம்பியைக் கண்டிருக்கலாம். பயமாக இருக்கும். பெயர் சொல்ல வேண்டாம், எந்த வழியால் வந்தீர்கள் என்றும் நாங்கள் கேட்க மாட்டோம். உயிரோடு கண்டாலும் சரி, மற்றப்படி கண்டாலும் சரி, வந்து சொல்லுங்கள். சாப்பாடு முடியும்வரை அண்ணி மண்டபத்துக் குசினிப் பக்கம்தான் நிற்பார்.

— தங்கை